ஓடும் சில்லும்

1998, சம்பா நடவு. வெண்ணாற்றுப் பாசனத்தில் இருக்கிறது எங்கள் ஊர். நாற்று முடியைப் பிரித்து ஊன்றியபடி வரிசையோடு பின்வாங்கிக்கொண்டிருந்த அம்மா, "ஆத்தே" என்று ஒரு காலைத் தூக்கினாள். கலங்கிய தண்ணீரில் சிவப்பு பரவிற்று. குதிகாலில் ஏறியிருந்தது ஒரு குவார்ட்டர் பாட்டிலின் அடிப்பாகம். வரப்பில் உட்கார்ந்து குடித்துவிட்டு யாரோ வீசியது. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து அப்பி, பழைய சேலைத் துணியைக் கட்டி, சாயங்காலம் ஊசி போட்டுக்கொண்டு வந்தாள். அந்த நடவில் மிச்சமிருந்த பதினாறு நாள் கூலி போயிற்று.

என் அப்பா குடிக்காதவர். இதைச் சொல்லக் காரணம் உண்டு. மதுவும் பெண்ணும் என்று பேச்செடுத்தால் நம் நினைவுக்கு வருவது ஒரே ஒரு படம்தான்: குடிகாரனின் மனைவி. அவளுக்காக இரங்குகிறோம், அவளுக்காக மேடையில் பேசுகிறோம், அவள் பெயரால் ஓட்டுக் கேட்கிறார்கள். குடிகாரனின் மனைவியாக இல்லாத என் அம்மாவின் காலிலும் அந்தச் சில்லு ஏறியது. அப்படியென்றால் அந்த ஒற்றைப் படத்துக்குள் அடங்காத வேறொரு வரலாறு இருக்க வேண்டும் என்று பின்னாளில் தோன்றியது. அதைத் தேடியபோது வேறு சில உடைசல்கள் கிடைத்தன. அவை கண்ணாடி அல்ல, மண்ணோடுகள்.

ஓடு வாசித்த பெண்கள்

காவிரி கடலில் கலக்கும் இடத்திலிருந்து கடற்கரையோடு வடக்கே போனால் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேடு. 1945 இல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டினார்; அந்த ஊர் உலகப் புகழ் பெற்றது. 1989 முதல் 1992 வரை அங்கே மறுபடி அகழாய்வு நடந்தது. அதைத் தலைமையேற்று நடத்தியவர் விமலா பெக்லி என்ற பெண். அங்கே கிடைத்த மது ஜாடிகளின் ஓடுகளை ஆராய்ந்தவர் எலிசபெத் லைடிங் வில் என்ற இன்னொரு பெண்.

இரண்டு கைப்பிடியும் கூரிய அடியும் கொண்ட அந்த ஜாடிக்கு ஆம்போரா என்று பெயர். முழு ஜாடி கிடைப்பது அரிது. கைப்பிடியில் ஒரு துண்டு, கழுத்தில் ஒரு துண்டு, அவ்வளவுதான் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு எந்த ஊர் மது என்று சொல்லிவிட முடியும். இரண்டு மண்கோல்களை ஒட்டிவைத்தது போன்ற கைப்பிடியா? அது கோஸ் தீவின் பாணி; துருக்கிக் கரைக்கு எதிரே இருக்கும் சின்ன கிரேக்கத் தீவு அது. கடல்நீர் கலந்து செய்யும் அதன் மதுவுக்கு அந்தக் காலத்தில் பெரிய சந்தை இருந்தது. அதே வடிவத்தில் ஜாடி செய்து இத்தாலியும் விற்றது. ஓட்டின் மண்ணில் கறுப்பு மணல் மினுங்கினால் அது வெசூவியஸ் எரிமலையடிவாரத்துக் காம்பானியா மண். அரிக்கமேட்டு மதுவோடுகளில் பெரும்பங்கு கோஸ் தீவினுடையது என்றார் எலிசபெத் வில்.

பிற்பாடு ராபர்ட்டா டோம்பர் என்ற மூன்றாவது பெண் வந்தார். இந்தியாவின் பல இடங்களில் 'ரோமானிய ஜாடி' என்று பதிவாகியிருந்த ஓடுகளைக் கையில் எடுத்துப் பார்த்து, அவற்றில் பல ரோமானியமே அல்ல, உள்ளே கீல் பூசிய மெசபடோமிய ஜாடிகள் என்று 2007 இல் எழுதினார். ஐரோப்பாவிலிருந்து மட்டும் மது வந்தது என்ற பழைய கதை அதோடு தளர்ந்தது.

ஒரு திராட்சைத் தோட்டத்தின் பெயரை விரலளவு ஓட்டிலிருந்து வாசித்தவர்கள் இவர்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட 'எரித்திரேயக் கடலின் பெரிப்ளஸ்' என்ற வணிகக் கையேடு, மேற்குக்கரைத் துறைமுகமான பாரிகாசாவில் என்ன மது விலைபோகும் என்று வரிசை போடுகிறது: முதலில் இத்தாலிய மது, அடுத்து லவோதிக்கேயா மது, அரேபிய மது. அதே கையேடு கிழக்குக்கரையில் கமரா என்ற துறைமுகத்தையும் சொல்கிறது. அதைக் காவிரிப்பூம்பட்டினம் என்று அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். அந்தப் பட்டினத்தில் யார் என்ன குடித்தார்கள் என்பதைக் கையேடு சொல்லவில்லை. அதற்கு நம் பாட்டுகளிடம்தான் போகவேண்டும்.

மட்டும் மதுவும்

கரிகாலனின் காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலையில் ஒரு இரவுக்காட்சி வருகிறது. துணைவரைக் கூடிய பெண்கள் பட்டைக் களைந்து மெல்லிய துகிலை உடுத்துகிறார்கள். மட்டு என்ற குடிவகையை விலக்கி மது என்ற குடிவகையை மகிழ்ந்து அருந்துகிறார்கள். உடையில் பட்டா துகிலா என்று தேர்வது போலவே, குடியில் மட்டா மதுவா என்று தேர்கிறார்கள். குடிக்கிறவள் என்பது மட்டுமில்லை, எதைக் குடிப்பது என்று ருசி அறிந்து தேர்கிறவளாக ஒரு பெண் அங்கே இருக்கிறாள். புலவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார் இதற்காக அவளைப் புகழவும் இல்லை, இகழவும் இல்லை. ஊர் உறங்கப்போகும் நேரத்து வழக்கங்களில் ஒன்றாக அதையும் சொல்லிவிட்டுப் போகிறார்.

அதே புலவர் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் கள் சமைக்கும் பெண்கள் வருகிறார்கள். அவர்கள் கலம் கழுவிய நீர் வழிந்து வாசல் சேறாகிக் கிடக்கிறது. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழாக் காதை புகாரின் மருவூர்ப்பாக்கத்துத் தொழிலாளர்களை அடுக்கும்போது, மீன் விற்கும் பரதவரோடும் உப்பு விற்பவரோடும் கள் விற்பவர்களையும் சேர்க்கிறது. நொடையாட்டியர் என்ற பெண்பாற் சொல்லால்தான் அவர்கள் அங்கே குறிக்கப்படுகிறார்கள். காய்ச்சியவள், விற்றவள், தேர்ந்து குடித்தவள் என்று மூன்று இடத்திலும் பெண் இருந்திருக்கிறாள்.

பாடப்புத்தகத்தில் நமக்கு அறிமுகமாவது நான்காவது பெண்தான், ஊற்றிக் கொடுப்பவள். புறநானூற்றின் 56ஆம் பாட்டில், யவனர் கொண்டுவந்த மணமுள்ள தேறலைப் பொற்கலத்தில் ஏந்தி வளையணிந்த மகளிர் பாண்டியனுக்குத் தருகிறார்கள். பொருநராற்றுப்படையில் கரிகாலனின் விருந்திலும் அப்படியே. அந்தக் கோஸ் தீவு ஜாடி கடல் தாண்டி வந்து அரண்மனைக்குள் நுழைந்ததும் அவள் கையில்தான் வருகிறது, வாய் வேறொருவருடையது.

மணிமேகலையில் இது இன்னும் ஒரு படி நகர்கிறது. ஆதிரையின் கணவன் சாதுவன் காவிரிப்பூம்பட்டினத்து வணிகன். கப்பல் உடைந்து நாகர் தீவில் கரையேறுகிறான். நாகர் தலைவன் அவனை உபசரிக்க ஆணையிடுகிறான்: இவனுக்கு ஓர் இளம்பெண்ணைக் கொடுங்கள், கள்ளும் இறைச்சியும் கொடுங்கள் என்று. சாதுவன் மறுத்து அறம் உரைக்கிறான்; காப்பியம் அவனைப் போற்றுகிறது. நமக்கோ அந்த மூன்று பொருள் பட்டியல் தொண்டையில் நிற்கிறது. கள்ளும் இறைச்சியும் உள்ள வரிசையில் பெண்ணும் ஒரு பண்டம். மறுக்கிறவனுடைய ஒழுக்கம் பேசப்படுகிறது, மறுக்கப்பட்ட அந்தப் பெண்ணிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரத்துக்கு வந்தால் பெண் அங்கே தாயாக வருகிறாள்: பெற்றவள் முகத்திலும் வெறுப்பை வரவழைப்பது குடி. கலத்தைப் பிடித்திருந்தவள், அதைப் பார்த்து நோகிறவளாக நிற்கிறாள். இன்றைய குடிகாரனின் மனைவிக்கு இவள்தான் முன்னோடி.

கணக்கு ஏறிய மரங்கள்

மதுவிலிருந்து பெண் விலகிய வேளையில் உள்ளே வந்தது கணக்கு. பிரமதேயமாகத் தரப்பட்ட ஊர்களின் சோழர்காலச் செப்பேடுகளில் ஒரு விதி வரும்: இந்த ஊர்த் தென்னையிலும் பனையிலும் ஈழவர் ஏறக்கூடாது. ஈழவர் என்றால் கள் இறக்குவோர். கள்ளுக்கு ஈழம்பூட்சி என்று வரியும் இருந்தது. மரம் யாருக்கு, ஏறும் உரிமை யாருக்கு, வரி யாருக்கு என்பதைச் சாதியும் அரசும் சேர்ந்து எழுதின.

ஆங்கிலேயர் இதைச் சட்டமாக்கினார்கள். 1886 இன் சென்னை ஆப்காரிச் சட்டத்துக்குப் பிறகு உரிமம் இல்லாமல் இறக்குவதும் காய்ச்சுவதும் விற்பதும் குற்றம். உரிமத்துக்குப் பணம் வேண்டும். வீட்டுப் பானையில் கள் சமைத்த பெண்ணுக்கும் மருவூர்ப்பாக்கத்து நொடையாட்டிக்கும் இந்த ஏற்பாட்டில் இடம் கிடையாது. அவள் தொழிற்காரியிலிருந்து குற்றவாளி ஆகிறாள்.

பெண்கள் பிறகு திரும்பிவந்தது கடைக்கு எதிரில் நின்று மறிப்பவர்களாக. 1921 இல் ஈரோட்டில் நாகம்மையும் கண்ணம்மையும் கள்ளுக்கடை மறியலில் இறங்கினார்கள். 1937 அக்டோபர் முதல் நாள் ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. அந்த வருமான இழப்பை ஈடுகட்ட 1939 இல் விற்பனை வரி பிறந்தது. 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. 1971 இல் அது தளர்ந்தது, 1974 இல் திரும்பிற்று, 1981 இல் மறுபடி கடை திறந்தது. 1983 இல் டாஸ்மாக் நிறுவனம் மொத்த வியாபாரத்துக்காக அமைந்தது. 1987 தொடக்கத்தில் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை வந்தது. பாட்டில் மது தொடர்ந்தது. 2003 நவம்பரில் சில்லறைக் கடைகளையும் அரசே எடுத்துக்கொண்டது. 2022-23 இல் அந்த வருவாய் 44,000 கோடி ரூபாயைத் தாண்டியது.

இந்தத் திறப்புக்கும் மூடலுக்கும் நடுவே ஒரு வேடிக்கை இருக்கிறது. எங்கள் பக்கத்தில் மதுக்கடைக்குப் பேர் 'ஒயின் ஷாப்'. அங்கே ஒயின் கேட்டுப் போகிறவரைப் பார்ப்பது அபூர்வம். விற்பது பிராந்தியும் ரம்மும். அதன் மூலச்சரக்கு திராட்சை அல்ல, சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கழிவுப்பாகு. மரத்திலிருந்து இறங்கிய கள்ளுக்குத் தடை. ஆலையிலிருந்து வருவதற்கு உரிமம்.

கலத்தின் அளவு

டெல்டாவில் அளவு என்பது விளையாட்டுப் பேச்சல்ல. படியும் மரக்காலும்தான் இங்கே கூலியை அளந்தன. அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட போராட்டத்தின் முடிவில்தான் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள்; அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். ஆகவே மதுவையும் அதன் அளவிலிருந்தே பார்ப்போம்.

ரோமானியர் கணக்கில் ஒரு ஆம்போரா சுமார் 26 லிட்டர். திறந்துவிட்டால் வைத்திருக்க முடியாது, காற்றுப் பட்டால் புளிக்கும். ஆகவே அதைத் திறக்க ஒரு கூட்டம் வேண்டும். கள்ளும் அப்படித்தான். காலையில் இறக்கினால் சாயங்காலத்துக்குள் புளிப்பேறிவிடும். மரத்துக்குப் பக்கத்திலேயே, அன்றைக்கே, நாலு பேரோடு குடித்தாக வேண்டும்.

குவார்ட்டர் என்பது 180 மில்லி. நம் மாநிலத்தில் விற்கும் பிராந்தி, ரம்மில் சாராயச் சத்து 42.8 விழுக்காடு. கணக்குப் போட்டால் ஒரு குவார்ட்டரில் 77 மில்லி சுத்தச் சாராயம். கள்ளில் சத்து ஐந்து விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், ஒன்றரை லிட்டர் கள்ளில் இருப்பது இடுப்பில் செருகும் ஒரு பாட்டிலுக்குள் அடங்கிவிடுகிறது. அது புளிக்காது, யாருக்காகவும் காத்திருக்காது, யாரோடும் பங்கு போடத் தேவையில்லை. கூலி கைக்கு வந்ததும் வீட்டுக்குப் போகும் வழியில் ஒருவன் மட்டும் வாங்கி, ஒருவன் மட்டும் குடித்து, காலியானதும் கைவீசி எறிந்துவிடக்கூடிய அளவு. கலம் சிறுத்துக்கொண்டே வந்ததில் அதைச் சுற்றி உட்கார்ந்திருந்த கூட்டமும் சிறுத்தது. கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு ஆண்.

ஔவையாரின் பாட்டு ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது பாடிய கையறுநிலை, புறநானூறு 235. அவன் எப்படிப்பட்டவன் என்று சொல்ல ஔவை எடுத்துக்கொள்ளும் முதல் சான்று கள்தான். கொஞ்சம் கள் கிடைத்தால் அதை எங்களுக்கே கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால் நாங்கள் உண்டு பாட, தானும் மகிழ்ந்து உண்பான். ஒரு அரசனின் வீரத்தையும் கொடையையும் சொல்வதற்கு முன்னால், ஒரு பெண், அவன் தன்னோடு கள்ளைப் பங்கிட்ட விதத்தைச் சொல்கிறாள். அந்தப் பாட்டின் அறம் குடியில் இல்லை, பங்கில் இருக்கிறது. அளவு குறைந்தால் முதலில் விட்டுக்கொடுப்பது யார் என்ற கேள்வியில் இருக்கிறது.

நான் கல்லூரியில் இந்தப் பாட்டைப் படித்தபோது, வகுப்பெடுத்தவர் அந்த இடத்தில் சற்று வேகமாக நடந்தார். "அந்தக் காலத்துக் கள் வேறம்மா, பழச்சாறு மாதிரி" என்றார். ஔவையைக் காப்பாற்ற நினைத்தாரோ என்னவோ. அன்று இரவு விடுதியிலிருந்து ஊருக்கு வந்தவள் அப்பாயியிடம் கேட்டேன், "அப்பாயி, நீ கள்ளுக் குடிச்சிருக்கியா?"

அம்மா அடுப்படியிலிருந்து, "கேக்குறா பாரு கேள்வி" என்று முறைத்தாள். அப்பாயி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தாள். "குடிக்காம? நாளெல்லாம் சேத்துல நின்னு நட்டுட்டு வந்தா இடுப்பு நிமிராது. ஒன் தாத்தனும் நானும் ஒரே சொம்புலதான் குடிச்சோம்." கொஞ்ச நேரம் கழித்து, யாரும் கேட்காமலேயே சொன்னாள்: "அந்த மனுசன் குடிச்சுட்டு என்னைய அடிச்சதும் உண்டு. ரெண்டும்தான்."

அந்த 'ரெண்டும்தான்' என்பதை நான் விட்டுவிட விரும்பவில்லை. கள்ளுக்காலம் பொற்காலம் என்று சொல்வதற்கில்லை. ஒரே சொம்பில் குடித்த கைதான் அடித்தது. ஆனால் அப்பாயியின் கதையில் அவள் அடிபட்டவளாக மட்டும் இல்லை. உழைத்து அலுத்தவள், தன் பங்கைக் கேட்டு வாங்கியவள், அதைச் சொல்ல வெட்கப்படாதவள். அம்மா காலத்துக்கு வரும்போது சொம்பும் போயிற்று, பங்கும் போயிற்று. சில்லு மட்டும் வந்து சேர்ந்தது. பெண் குடிப்பது நம் பண்பாடே இல்லை என்று மேடையில் பேசுபவருக்கும், பெண்களின் கண்ணீரைத் துடைப்பேன் என்று வாக்குறுதி தருபவருக்கும் ஒரு பெண்ணைத்தான் தெரியும். காய்ச்சியவளையும் விற்றவளையும் மட்டு வேண்டாம் என்று ஒதுக்கியவளையும் சொம்பில் பங்கு வாங்கியவளையும் மறந்தால்தான் அந்தப் பேச்சு நிற்கும். நாம் குடிக்க வேண்டுமா வேண்டாமா என்பது நம் ஒவ்வொருவரின் முடிவு. கடை எங்கே இருக்கலாம், எப்போது திறக்கலாம், கூலி யார் கைக்கு முதலில் வரவேண்டும், காலிப் பாட்டில் எங்கே போகவேண்டும் என்பதெல்லாம் அளவு பற்றிய முடிவுகள். நாகம்மை காலம் தொட்டு மறியலில் நிற்கும் பெண்கள் கேட்பது இரக்கத்தை அல்ல, இந்த முடிவுகளில் இடத்தைத்தான்.

2022 இல் நீலகிரியில் ஒரு ஏற்பாடு வந்தது. பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாயைத் திருப்பித் தருவது. காட்டில் வீசும் பாட்டில்கள் உடைந்து யானைகளையும் பிற விலங்குகளையும் காயப்படுத்துகின்றன என்ற கவலையில் உயர் நீதிமன்றம் தலையிட்டதால் நடந்தது அது. பிறகு வேறு சில மாவட்டங்களுக்கும் போனது. நல்ல காரியம். யானையின் காலுக்காக வழக்கு நடந்ததில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அதற்கு எத்தனையோ வருஷம் முன்பிருந்தே நடவுக்காரிகளின் கால்கள் கிழிந்துகொண்டிருந்தன என்பதை மட்டும் இங்கே பதிவு செய்து வைக்கிறேன்.

அம்மாவுக்கு இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. இன்னும் நடவுக்குப் போகிறாள். வயலில் இறங்குமுன் வரப்பில் நின்று, வலது கால் கட்டைவிரலால் சேற்றை மெதுவாகத் துழாவிப் பார்க்கிறாள். ஏதாவது தட்டுப்பட்டால் குனிந்து எடுத்து வரப்பு ஓரமாக வைத்துவிட்டு, அப்புறம்தான் அடுத்த பெண்ணை இறங்கச் சொல்கிறாள்.